கத்தி படாமல்

றொசானா: மார் ரெண்டும் பால் கட்டிக் கல்லாக் கிடக்குது. கையைத் தூக்கேலாம இருக்கு.

ஜெனிஸ்டன்: நர்ஸ் முட்டைக்கோவா இலை வைக்கச் சொன்னா. இந்தா... கொட்டாஞ்சேனை மார்க்கெட்டில வாங்கினனான்.

றொசானா: முழுக் கோவாவோ? மிச்சத்த ஆர் கறி வைக்கிறது, உங்கட அம்மாவோ?

ஜெனிஸ்டன்: அம்மாவ இதுக்குள்ள இழுக்காத.

றொசானா: நானோ இழுக்கிறன்? தையல் மெஷின் மிதிச்சு மிதிச்சு நான்தான் பிள்ளையக் கொன்றுபோட்டனாம். வார்டு முழுக்கக் கேக்கச் சொல்லிப்போட்டுப் போனா. என்ர புருஷன் கதவடியில நிண்டு போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஜெனிஸ்டன்: கவலையில சொன்னவ. விடு. ஃபாதரோட கதைச்சிட்டன். பின்னேரம் மாதம்பிட்டிச் சேமக்காலையில அடக்குவம்.

றொசானா: என்ர பிள்ளை ஏன் செத்துப் பிறந்தது எண்டு தெரியாம அடக்க விடமாட்டன்.

ஜெனிஸ்டன்: அப்ப வெட்டிப் பாக்கக் குடுக்கப் போறியா? நேற்று நீதானே டொக்டரிட்ட மாட்டன் எண்டு நிண்டனீ.

றொசானா: இண்டைக்கும் மாட்டன்தான். உங்கட ஹாபரில கண்டெய்னரத் திறக்காம உள்ளுக்க பாக்கிறாங்க எண்டு எத்தினை தரம் பெருமை அடிச்சிருப்பீங்க?

ஜெனிஸ்டன்: அது சாமானடி.

றொசானா: சாமானுக்கே அந்த மரியாதை. என்ர பிள்ளைக்கு இல்லையோ?

ஜெனிஸ்டன்: மெல்லக் கதை... டொக்டர் வாறா.

டொக்டர் நிஹ்லா: றொசானா, நீங்க சொன்னத ஸ்கேன் பகுதியில கேட்டுப் பாத்தன். பிள்ளைய வெட்டாம எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். மற்ற நோயாளிகளின்ட லைன் முடிஞ்ச பிறகு செய்வாங்க. இஞ்ச இது வழக்கமில்ல, முதல்ல மாட்டம் எண்டுதான் சொன்னாங்க.

றொசானா: நீங்க விடயில்ல.

டொக்டர் நிஹ்லா: நீங்க என்னை விட்டாத்தானே. ஆனா படத்தில எல்லாம் தெரியாது. மூளை, இதயம், எலும்பு ஓரளவு நல்லாத் தெரியும். சின்ன விஷயங்கள் தப்பலாம். நச்சுக்கொடியத் தனியாச் சோதிப்பம். அப்பவும் காரணம் கிடைக்காமப் போகலாம்.

றொசானா: கத்தி?

டொக்டர் நிஹ்லா: படாது. சுத்தின துணியோடயே உள்ள வைப்பம்.

றொசானா: நான் தச்ச சட்டையோட?

டொக்டர் நிஹ்லா: அதில இரும்புப் பட்டன் இருக்கா?

றொசானா: நாடாதான் வச்சனான். பிஞ்சு உடம்பில பட்டன் குத்தும் எண்டு...

ஜெனிஸ்டன்: டொக்டர், இதால இப்ப என்ன பிரயோசனம்? பிள்ளை திரும்பி வரப்போறதில்ல.

டொக்டர் நிஹ்லா: அடுத்த பிள்ளைக்கு உதவலாம்.

றொசானா: அடுத்ததுக்கில்ல. இவளுக்கு.

ஜெனிஸ்டன்: எனக்கு வேண்டாம்.

றொசானா: சுமந்தது நான். எனக்கு வேணும்.

ஜெனிஸ்டன்: ஏன்டி இப்பிடி நாலு பேர் பாக்க...

றொசானா: ஏன் வேர்க்குது உங்களுக்கு? பெட்டிக்க இருக்கிறதப் பொய்யா எழுதிக் குடுத்தவன்தான் ஸ்கேனுக்குப் பயப்பிடுவான். நீங்க சொல்லித் தந்ததுதான்.

டொக்டர் நிஹ்லா: ஒண்டு திரும்பக் கேக்கோணும். பிள்ளை கடைசியா எப்ப துடிச்சது? செத்து நேரம் போகப் போக உடம்பு உள்ளுக்க மாறும். எங்களுக்கு நேரம் பிழையாத் தெரிஞ்சா, அந்த மாற்றத்தயே நோய் எண்டு வாசிச்சிடுவம். செவ்வாய்க்கிழமை காலையில எண்டு சொன்னீங்க.

ஜெனிஸ்டன்: ஓம் டொக்டர். செவ்வாய் காலை. இஞ்ச வந்த அண்டைக்குத்தான்.

றொசானா: நீங்க சும்மா இருங்க.

ஜெனிஸ்டன்: றொசி... வேண்டாம்.

றொசானா: அப்ப உங்கட வாயால சொல்லுங்க.

ஜெனிஸ்டன்: வீட்ட போய்க் கதைப்பம்.

றொசானா: சொல்லமாட்டார். இவரக் காப்பாத்தப் பொய் சொன்னனான் டொக்டர். திங்கள் காலையிலயே துடிப்பு நிண்டிட்டுது. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டனான். டபுள் ஷிஃப்ட் இருக்கு, ஒரு நாள் பொறு எண்டார். நானும் பொறுத்தன். இவரின்ட தாய் என்னைக் கொலைகாரி எண்டேக்கயும் இவர் வாயத் திறக்கயில்ல. திங்கள் எண்டு எழுதுங்க. அந்த ஒரு நாள் இவர் என்ர மகளுக்குக் கடன். இன்னும் குடுக்கயில்ல.