புதுப் பிரதமரும் காலைக் காப்பியும்

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் வரும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். செராமிக் பொம்மைகளுக்கு வர்ணம் பூசப் போகிறவர்கள். இருவர் நகக்கண்ணிலும் நீலம் ஒட்டியிருந்தது. ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"புதுப் பிரதமரு வந்ததுலேருந்து எனக்குக் காலையில காப்பி கைக்கே வருதுக்கா."

"யாரு குடுக்குறா?"

"எங்க வூட்டுக்காரருதான். பிரதமரு அவரு காப்பிய அவரே போட்டுக்குவாராம், டம்ளரையும் கழுவி வைப்பாராம். டிவியில காட்டுனாங்க. எங்க வூட்டுக்காரருக்கு அவருன்னா உசுரு. மறுநாளே அடுப்பாண்ட போயி நின்னுட்டாரு. இன்னும் அஞ்சு வருஷம் இருக்குதுல்ல, தோசை வரைக்கும் வந்துருவாருன்னு நம்பிக்கை இருக்குதுக்கா."

மூத்தவள் சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"எங்க வூட்டுல இருக்கறது தோத்த கட்சி. ரிசல்ட்டு அன்னிக்கிக் கவுந்து படுத்த மனுஷன், தண்ணிகூட நான்தான் மோந்து குடுக்கணும்."

"பாவம்க்கா நீங்க."

"நீ ஒண்ணும் பாவம் பாக்க வேணாம். உன் ஓட்டு பிரதமருக்குத்தான?"

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "அய்ய, நான் எதிர்ப்பக்கம் அமுக்கிட்டு வந்துட்டேன். எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாது."

மூத்தவள் இரண்டு ஸ்டாப்பிங் போகும்வரை அவளையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கவேண்டிய இடமும் வந்தது, நான் இறங்கவில்லை. பிறகு மூத்தவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி வெடித்தாள்:

"புருஷனுக்குத் தெரியாம, சாமிய வேண்டிக்கிட்டு அந்தப் பிரதமருக்கு ஓட்டுப் போட்டவ நானு. காப்பி குடிக்கிறவ நீயாடி?"