தோத்துட்டு உள்ள போன மேட்ச்

அங்க வைக்காதீங்க ஆன்ட்டி, விழுந்துடும். ஃப்ரிட்ஜுல இடமில்ல. நியூ ஜெர்சி பிஸ்கட்டவே ஊர்ல இருக்கற மொத்த சர்ச்சும் சமைச்சுக் கொண்டாந்துடுச்சு. அப்பா இருந்தப்ப ஒருத்தர் ஒரு இட்லி குடுத்ததில்ல.

கேளுங்க, பரவால்ல. ஒத்தப் பையன், அப்பா அடக்கத்துக்குக்கூட வராம பெல்ஜியத்துல பந்து அடிச்சுட்டு இருக்கான். அதானே? சனிக்கிழம கல்லறைலயே கேட்டுச்சு. ஜார்ஜ் அங்கிளுக்கு மெதுவா பேச வராது.

அம்மா மேல இருக்காங்க. தூங்கல, சும்மா படுத்திருக்காங்க. நானா? அழுக வரல ஆன்ட்டி. பல்லுக்கு ஊசி போட்ட மாதிரி இருக்கு, எல்லாம். ஸ்கூலா? அத நவம்பர்லயே விட்டாச்சு, இப்ப டோனட் கடைல வேல. அதுக்கு இன்னொரு நாள் திட்டுங்க.

ரூஃபஸ் அண்ணன் சும்மா பந்து அடிக்கல. ஐரோப்பால ஒவ்வொரு நாட்டுலயும் ஜெயிச்ச பாஸ்கெட்பால் டீமுங்களுக்குள்ள சாம்பியன்ஸ் கப்புன்னு ஒண்ணு நடக்கும். அதுல ஆடுறான். அதுல மொத ரவுண்டு ஒரே டீமோட ரெண்டு தடவ ஆடணும், இவங்க ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணு. ரெண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் அடுத்த ரவுண்டுக்கு யாரு உள்ளன்னு சொல்லுவாங்க. போன வருஷம், எய்ட்டி சிக்ஸ் முடியறதுக்கு முன்னாடி, மொத மேட்ச் பதினாலு பாயிண்ட்ல ஜெயிச்சாங்க. அடுத்தது ஒம்பதுல தோத்தாங்க. அப்ப உள்ள யாரு? இவங்கதான். அண்ணன் போன்ல கத்துறான், தோத்துட்டோம்ப்பா தோத்துட்டோம்னு, ஒரே சிரிப்பு. அப்பாவுக்கு அந்த ரூல் தெரியாது. தோத்துட்டு சிரிக்கிறியாடா, வெக்கமா இல்ல, காலேஜ விட்டுட்டு இதுக்கா போன, ஜெயிச்சா போன் பண்ணுன்னு டொக்குன்னு வச்சுட்டார்.

சொன்னேன் ஆன்ட்டி, அன்னிக்கே சொன்னேன். கூட்டிக் காமிச்சேன். அவர் கெமிஸ்ட், கூட்டத் தெரியாதா? புரிஞ்சுது. புரிஞ்சதுதான் பிரச்சன. அப்புறம் அவன் ஜெயிச்சு ஜெயிச்சு போன் பண்றான், மணி அடிச்சதும் இவர் எந்திரிச்சு கராஜுக்குப் போயிடுவார். கோவமில்ல. எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல அந்த மனுஷனுக்கு. நாங்க ஏதாவது சொல்லி சமாளிப்போம். அவன், அடுத்த மேட்சையும் ஜெயிச்சா அப்பா பேசுவார்னு ஆடுறான்.

இப்ப கடைசி ஆறு டீம்ல இருக்காங்க. நல்லாத்தான் ஆடுறான். ஆனா ஒரு டீமுக்கு ரெண்டே ரெண்டு வெளிநாட்டுக்காரங்கதான். ஒருத்தன் ஊருக்குக் கெளம்பினா மறுநாளே வேற அமெரிக்கன எறக்கிடுவாங்க.

இல்லல்ல, லீவ் குடுக்காமல்லாம் இல்ல. கேட்டாத்தானே குடுக்கறதுக்கு. டிக்கெட்டும் கெடைக்கும். கல் நெஞ்சும் இல்ல. அவனுக்குத் தெரியாது ஆன்ட்டி.

ஆமா. சொல்லல. சீசன் முடியற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு அம்மா என் கைய எடுத்து பைபிள் மேல வச்சுட்டாங்க. அவரும் போயாச்சு, இவன் பொழப்பும் போகணுமான்னு. ஞாயித்துக்கிழம போன் பண்ணான். அப்பா எங்கன்னான். குளிக்கறார்னேன்.

இன்னிக்கு இத்தாலில மேட்ச். முடிஞ்சதும் பண்ணுவான், நம்ம நேரம் நாலு நாலரை ஆகும். இன்னிக்கும் குளிக்கறார்னு சொல்ல என்னால முடியாது. உக்காருங்க, அழாதீங்க. ஒரு ஹெல்ப் மட்டும் பண்ணுங்க. அம்மாவ எழுப்பி, உங்க கார்ல எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. பார்க்கு, கடை, எங்கயாவது. அஞ்சு மணிக்கு முன்னாடி கூட்டிட்டு வந்துடாதீங்க.