போகாதே என்று சொல்ல வந்தவன்

அவைக்குத் தலைமையேற்று நடுநாயகமாக வீற்றிருக்கும் வார்டு மெம்பர், அன்புச் சகோதரி ஜிஷா அவர்களே! ஆசி வழங்க வந்திருக்கும் சபைப் போதகர் ஐயா அவர்களே! வாசகசாலையின் தூண்களாய்த் துலங்கும் பெரியோர்களே! பாறசாலையில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்து சேர்ந்த நண்பர்களே! மடியில் பேரப்பிள்ளைகளோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! அவர்களுக்கு நடுவே என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மா கிருபாபாய் அவர்களே! போட்ட மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கூச்சத்தில் குனிந்திருக்கும் விழா நாயகி, என் தங்கை டாக்டர் லிஷாவே! அனைவருக்கும் இந்த ஈசாக்கின் பணிவான வணக்கம்.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். திருமண மேடை, திருவிழா மேடை, தேர்தல் மேடை என்று எந்த மேடையையும் விட்டுவைத்தவன் அல்ல. ஆனால் இன்று அப்படி இல்லை. மைக்கைப் பிடித்திருப்பது பேசுவதற்காக அல்ல, விழாமல் நிற்பதற்காக. சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், நான் பொய் சொல்லவில்லை.

இதோ, எனக்குப் பின்னால் பேனர் கட்டியிருக்கிறீர்கள். “அச்சம் அறியா அன்புச் செல்வி” என்று எழுதியிருக்கிறீர்கள். அச்சம் அறியாதவளா? யார் சொன்னது? அவளுடைய அச்சத்தையும் சேர்த்து இரவும் பகலும் சுமப்பது எங்கள் வீடல்லவா?

வெளிநாட்டு டாக்டர் என்றதும் சென்ட் பாட்டில் கேட்பவர்கள் இந்த ஊரில் உண்டு. அஜீஷ், தலையைக் குனியாதே, உன்னைத்தான் சொல்கிறேன். இவள் இருக்கும் வெளிநாடு எது தெரியுமா? ஆப்பிரிக்காவில் போர் தின்றுகொண்டிருக்கும் ஒரு நாடு. தகரமும் தார்ப்பாயும் சேர்ந்ததுதான் ஆஸ்பத்திரி. காலரா கண்டவர்கள், கர்ப்பிணிகள், குண்டடி பட்ட குழந்தைகள், கையில் காசென்று ஒன்றைக் காணாத ஏழைகள், இவர்கள்தான் நோயாளிகள். அந்த நாட்டின் பெயரை மட்டும் மேடையில் சொல்ல வேண்டாம் என்று காலையில் கேட்டுக்கொண்டாள். பெயரைச் சொன்னாலே ஆபத்து வரும் இடத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பிவிட்டு, வீட்டில் இருப்பவர்கள் எப்படிச் சோறு தின்பது? சொல்லுங்கள், எப்படித் தூங்குவது?

கடந்த மழைக்காலத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். அங்கே ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்து டாக்டர் ஒருவர் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை. லிஷாவின் போனும் கிடைக்கவில்லை. சாவு வீட்டுக்காரன் வாய்திறந்து கேட்கும் முன்பே எல்லாம் கொண்டுவந்து இறக்குவதல்லவா நம் ஊர்ப் பழக்கம்? பந்தல்காரர் தங்கையன் அண்ணன் அழுதுகொண்டே வந்து முற்றத்தில் தார்ப்பாய் கட்டினார். நாற்காலிகள் வந்தன. சபையில் மணியடிக்கும் கோயில்பிள்ளை ஓடிப்போய்ச் சாவு மணியை ஒற்றை ஒற்றையாக அடித்தார். பெண்கள் பாட்டுப் புத்தகத்தை விரித்தார்கள். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. அத்தனையும் அன்பு! அத்தனையும் அவசரம்!

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. எடுத்தேன். “அண்ணா, நம்ம வீட்டுல என்ன பாட்டு கேக்குது? ஆருக்காக்கும் அடக்கம்?” என்றாள். கேட்டது லிஷா! என்ன சொல்வேன்? “உனக்குத்தான்” என்றா சொல்வேன்? அம்மா போனைப் பிடுங்கி, “மக்கா, நீ உண்டா? நீ உண்டா?” என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாம் தார்ப்பாயை அவிழ்த்தோம், சிரித்தோம், தேநீர் குடித்தோம். ஆனால் செய்தி பொய்யில்லை, ஐயா! இறந்தவர் அவளோடு வேலை பார்த்த டாக்டர், அந்த ஊர்க்காரர். அவளுக்கு அடுத்த கூடாரத்தில் நின்றவர். ஒரு கூடாரம் தள்ளி விழுந்தது அந்தக் குண்டு! அன்றிலிருந்து போன் அடித்தாலும் எங்களுக்குப் பயம், அடிக்காவிட்டாலும் பேடி.

இந்த வியாழக்கிழமை அவள் திரும்பவும் அங்கே போகிறாள்.

நான் மேடையேறும் முன் அம்மா என் கையைப் பிடித்தார்கள். “நான் சொன்னா கேக்கமாட்டா. நீ மைக்குல சொல்லு மக்கா, போவண்டாம்னு. ஊரு சேந்து சொன்னா கேப்பா” என்றார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆமாம், வாழ்த்த வந்தவன் அல்ல நான், வழிமறிக்க வந்தவன்!

என்ன அங்கே சத்தம்? “சொல்லும் சாரே, போவண்டாம்னு சொல்லும்” என்கிறீர்கள். சொல்லலாம். ஆனால் நேற்று நடந்ததையும் கேளுங்கள்.

நேற்று நான் அவளிடம் கேட்டேன். “உனக்குப் பேடியே இல்லியா?” “பேடியாக்கும் அண்ணா” என்றாள். “பின்னே எதுக்குப் போற?” என்றேன். அப்போதுதான் அங்குள்ள ஒரு தாயின் கதையைச் சொன்னாள். காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணிவெடி புதைத்த காட்டைக் கடந்து வந்தவள் அந்தத் தாய். “வழியில் பயமாக இல்லையா?” என்று லிஷா கேட்டிருக்கிறாள். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “வெடிக்கு நான் பயப்படவில்லை. இங்கே வந்து பார்க்கும்போது நீ இல்லாமல் போயிருப்பாயோ என்றுதான் பயந்தேன்” என்றாளாம்.

கேட்டீர்களா, தாய்மார்களே? லிஷா இல்லாமல் போவாளோ! எங்கள் வீட்டில் என் அம்மா பயப்படுவதும் அதற்குத்தானே? கடலுக்கு அப்பால் பெயர் தெரியாத ஒருத்தி பயப்படுவதும் அதற்குத்தானே? எந்தத் தாயின் பயத்தை நான் பெரிதென்பேன்? எந்தத் தாயின் கண்ணீரை நான் சிறிதென்பேன்? அம்மா, மன்னியுங்கள். நீங்கள் சொல்லச் சொன்னது என் தொண்டை வரை வந்துவிட்டது. வாய்க்கு வரவில்லை!

பொறுங்கள், பொறுங்கள். அம்மா எழுந்து நிற்கிறார்கள். என்ன அம்மா?

“அவ எப்போ வருவான்னு கேளு மக்கா. அது மட்டும் கேளு.”

லிஷா, அம்மா கேட்கிறார்கள். மைக்கை வாங்கு, சொல்லு.

“நம்ம சபை அறுப்புப் பண்டிகைக்கு வாறேன் அம்மா.”

வேண்டாம், தயவுசெய்து கைதட்டாதீர்கள்! கைதட்டிவிட்டால் நம் கடமை முடிந்ததென்று எழுந்து போய்விடுவோம். அவளை வீராங்கனை என்று சொல்லி ஒதுக்கி வைக்காதீர்கள். அவளுக்காகப் பயப்படுங்கள்! சபைக் கோயிலிலும் சாமி கும்பிடும் அம்பலத்திலும் பயப்படுங்கள், அடுக்களையிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பயப்படுங்கள்! எங்கள் ஒரு வீட்டால் இதைத் தாங்க முடியவில்லை, ஊரே! ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்!

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட அவைக்கு என் நன்றி. அம்மா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்கள், நான் இறங்கிப் போய்க் கையைப் பிடிக்க வேண்டும். வணக்கம்.