வலி தெரியாத கை

ருவைஸ் தொழிலாளர் கேம்புக்குப் போகும் வேனில் ஜன்னலோர இருக்கைதான் எனக்குப் பிடிக்கும். ஷாஜினிக்கும் அதுதான் பிடிக்கும். இரண்டு வருஷம் அவளுக்கே விட்டுக்கொடுத்தேன். கோபாலசாமி சார், எழுதிக்கொள்வதாக இருந்தால் இதிலிருந்து தொடங்குங்கள். உங்களைப் போல லைசென்ஸ் ஆபீஸிலிருந்து விசாரிக்க வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை.

நாங்கள் இரண்டு பேரும் குளச்சல்காரர்கள். ஒரே கல்லூரியில் ஆக்குபேஷனல் தெரபி படித்து, 2003-ல் ஒரே விமானத்தில் அபுதாபி வந்து இறங்கினோம். எங்கள் கம்பெனி தெரபிஸ்ட்டுகளை வேனில் ஏற்றி கேம்ப் கேம்பாக அனுப்பும். விபத்தில் கை முடங்கியவன் மறுபடி சட்டைப் பொத்தான் போடவும், ஸ்பூன் பிடிக்கவும் பழக்கிவிடுவது எங்கள் வேலை. அதற்கு லைசென்ஸ் வேண்டும். பரீட்சை எழுதித்தான் வாங்க வேண்டும். மூன்று முறை தவறினால் ஊருக்கு டிக்கெட்.

ஷாஜினியைப் படிக்கவைத்தது நான். அவளுக்கு அம்மை போட்டிருந்த பதினாறு நாளும் கஞ்சி வைத்துக் கொடுத்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் நோட்ஸை வாசித்துக் காட்டினேன். அவள் முதல் முறையே தேறிவிட்டாள். அதே நோட்ஸை வைத்துக்கொண்டு நான் இரண்டு முறை தவறினேன். கம்பெனி என்னை அவளுக்கு உதவியாளாகப் போட்டது. லைசென்ஸ் அவளுடையது, கையெழுத்து அவளுடையது, பெட்டி தூக்குவது நான். அதற்கு நான் முகம் சுளித்ததில்லை.

மூன்றாம் முறை எழுத, உடன் வேலைபார்க்கும் லைசென்ஸ்காரர் ஒருவர் கடிதம் தர வேண்டும். ஷாஜினி கடிதத்தை ஒட்டாமல்தான் கையில் கொடுத்தாள். 'தேவகனியை நோயாளிகளுடன் தனியே விடுவது இன்னும் பாதுகாப்பல்ல' என்று எழுதியிருந்தாள். பிப்ரவரியில் ஒரு பெரியவரின் கையை நான் சரியாகப் பார்க்காமல் விட்டிருந்தேன். ஒரு கொப்புளம், அவ்வளவுதான்.

"எனக்க கடைசி சான்ஸ் பிள்ளே இது" என்றேன்.

"தெரியும்டி. ஆனா பொய் எழுதச் சொல்லாத. ஆறு மாசம் நல்லா வேல படி. நானே வேற கடிதம் எழுதித் தாறேன்."

என் விசா நாற்பது நாளில் முடிய இருந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவள் அவள்தானே.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். எனக்கு அது பழமொழி இல்லை சார், பாய்ந்த இடம் இன்றும் வலிக்கிறது. வேறு யாராவது எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அம்மைத் தழும்புக்கு வேப்பிலை அரைத்தவள் நான். அந்தக் கடிதத்தை நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்தேன். மறுநாளும் ஜன்னலோரத்தை அவளுக்கே விட்டேன்.

அந்த வாரம்தான் வீரபாண்டி வந்தான். கமுதிப் பக்கத்து ஆள், கேம்பில் தகடு வெட்டுகிறவன். வலது முழங்கைக்குக் கீழே தகடு இறங்கி நரம்பு அறுந்திருந்தது. தைத்துவிட்டார்கள், ஆனால் சுண்டுவிரல் பக்கம் முழுக்க உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்தினாலும் தெரியாது. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. விரல்கள் மடங்கிப் போகாமல் பிடித்துவைக்க ஷாஜினி பிளாஸ்டிக்கில் ஒரு ஸ்ப்ளின்ட் செய்தாள். எலும்பு அழுந்தாமலிருக்க உள்ளே மெத்தென்று ஒரு பஞ்சுத் துண்டும் ஒட்டினாள். கைவேலையில் கெட்டிக்காரி, அதை நான் மறுக்கவில்லை.

வலி தெரியாத கைக்கு ஒரு முறை உண்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஸ்ப்ளின்ட்டைக் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலி சொல்ல வேண்டியதைக் கண்தான் சொல்ல வேண்டும். வீரபாண்டிக்கு வாசிக்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. ஷாஜினி ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போனாள்.

நான் அந்தப் பஞ்சை உரித்தெடுத்தேன். பட்டையைக் கொஞ்சம் இழுத்து இறுக்கினேன்.

"அடுத்த வியாழக்கிழமை நாங்க வர்ற வரைக்கும் கழட்டவே கூடாது. குளிக்கும்போதும் கூடாது."

"சரிங்க சிஸ்டர். நீங்க சொன்னா சரிதான்."

அவனுக்கு வலிக்காது என்று எனக்குத் தெரியும். அதை யோசிக்காமல் நான் எதையும் செய்துவிடவில்லை.

ஐந்தாம் நாள் என் மொபைலுக்குக் கூப்பிட்டான். "சிஸ்டர், கையில லேசா நாத்தம் வருது. ரூம்ல இருக்கவங்க கழட்டுடாங்கிறாங்க. சிஸ்டரக் கேக்காமத் தொட மாட்டேன்னுட்டேன்."

"வேர்வைதான் தம்பி. கழட்டிராதீங்க."

நன்றி சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தான். மரியாதை தெரிந்த மனிதன்.

வியாழக்கிழமை ஸ்ப்ளின்ட்டைக் கழற்றியது ஷாஜினி. உள்ளே எலும்பு தெரிந்தது. இரண்டு நாளில் விஷம் மேலே ஏறிவிட்டது என்று மணிக்கட்டோடு கையை எடுத்தார்கள். ஷாஜினி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் பஞ்சு வெச்சேன்லாட்டி? நீ பாத்தல்லா?" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். நான் பார்க்கவில்லை என்றேன். அழட்டும் என்றுதான் இருந்தது. நான் அழாமல் இருந்தேனே, அதை யாராவது கேட்டார்களா?

கம்பெனி மேனேஜர் கௌஸ் முகைதீன் ஹைதராபாத்காரர். வீரபாண்டிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. மொழிபெயர்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். ஷாஜினியை வெளியே உட்காரவைத்திருந்தார்கள். கழற்றிப் பார்க்கச் சொல்லவில்லையா என்று மேனேஜர் கேட்டார்.

"இல்லங்க. இந்த சிஸ்டர்தான் கழட்டவே கூடாதுன்னாங்க. நானும் கழட்டலைங்க" என்றான் அவன். அவன் என் மேல் குறை சொல்லவில்லை. சொன்னபடி நடந்ததைத்தான் பெருமையாகச் சொன்னான்.

'லைசென்ஸ் வைத்திருக்கும் சிஸ்டர் ஷாஜினி அப்படிச் சொன்னாராம்' என்று இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜர் எழுதிக்கொண்டார்.

ஷாஜினியின் லைசென்ஸ் போயிற்று. மஸ்கட்டில் முயன்றாள், தம்மாமில் முயன்றாள். எங்கே போனாலும் பழைய இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று கேட்டார்கள். இப்போது தக்கலையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறாள் என்று கேள்வி. கம்பெனிக்கு அவசரமாக ஆள் தேவைப்பட்டது. மேனேஜரே எனக்குக் கடிதம் எழுதி, விசாவையும் நீட்டிக்கொடுத்தார். மூன்றாம் முறை தேறினேன். நான்கு தடவை புதுப்பித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி வரும். உங்களால் எந்த நோயாளிக்காவது தீங்கு நேர்ந்ததா? இல்லை என்று எழுதுவேன். ரெஜிஸ்டரில் இருப்பது அவள் கையெழுத்து.

ஷாஜினி மனுப் போட்டதால் நீங்கள் கமுதிவரை போய் வீரபாண்டியைப் பார்த்திருக்கிறீர்கள். போனில்கூட நான் பொறுமையாகப் பதில் சொன்னேன் என்று அவன் என்னைப் பாராட்டினான் என்கிறீர்கள். நல்லவன். நீங்கள் கேட்டீர்கள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஞ்சை எடுத்ததும் நான்தான், கழற்றாதே என்றதும் நான்தான். லைசென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஷாஜினி எழுதிய கடிதத்தின் நகல் அவள் மனுவோடு உங்கள் ஃபைலில் இருக்கும். என்னை நோயாளிகளுடன் தனியே விடுவது பாதுகாப்பல்ல என்ற அந்த ஒரு வரி அபாண்டம் என்பதை மட்டும், தயவுசெய்து, பதிவு செய்துகொள்ளுங்கள்.