‘மலை எறங்குது’ என்று எழுதியவர்

என் பெயர் மாயாண்டி பிரியந்தி. வயது இருபத்தேழு. கொட்டகலை, ரொக்ஸ்டன் தோட்டம், தொழிலாளர் வரிசை வீடுகளான ஆறாம் இலக்க லயத்தில் தாய் தந்தையுடன் வசிக்கிறேன். திருமணமாகவில்லை. ஹட்டன் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் மூன்று வருடங்களாக மென்பொருள் எழுதும் வேலை செய்கிறேன். இன்று ஒக்டோபர் மாதம் 18ஆம் திகதி காலை 9.20க்கு எவரும் அழைக்காமல் நானாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். மண் சரிந்த நாளில் பொய்ச் செய்தி அனுப்பினார் என்று இங்கே தடுத்து வைக்கப்பட்டிருக்கும் ஹெதர்டன் தோட்டத்துக் கங்காணி வீரய்யா எந்தத் தவறும் செய்யவில்லை என்று சொல்லவே வந்தேன். பகல் ஒரு மணிக்கு அவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவதாகக் கேள்விப்பட்டதால், அதை முதலில் எழுதுங்கள், பெயர் விலாசம் பிறகு சொல்கிறேன் என்றேன். வாக்குமூலத்தைப் பதிவு செய்யும் கொன்ஸ்டபிள் அஸ்லம், முறைப்படி முதலிலிருந்துதான் சொல்ல வேண்டும் என்றார். அதன்படி சொல்கிறேன்.

மண்சரிவு அபாயமுள்ள பதினொரு தோட்டங்களுக்கு எங்கள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை ஏற்பாட்டைச் செய்து கொடுத்திருக்கிறது. தோட்டத்து ஆட்கள் தங்கள் கைத்தொலைபேசியிலிருந்து மூன்று சொல்லில் ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார்கள். கணினி அதை வாசித்து, ஆபத்து என்றால் லயங்களுக்குப் பக்கத்தில் பொருத்தியிருக்கும் அபாயச் சங்கை ஊதும். ஆபத்து இல்லையென்றால் பதிந்து வைத்துவிட்டு நன்றி என்று பதில் அனுப்பும். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கணினிக்குச் சொல்லும் விதிகள் ஒரு கோப்பில் உள்ளன. அதை இலக்கணக் கோப்பு என்போம். கணினி அந்த விதிகளை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும், அதற்குக் கீழே பார்க்காது.

அந்தக் கோப்பை எழுதியவர் எனக்கு முன்னர் அங்கே வேலை செய்த ரம்லா. ஹட்டனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். அவர் ஒவ்வொரு தோட்டமாகப் போய், காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்று, ஆட்கள் வாயில் வருவதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தவர். தோட்டத்தில் மலை என்றால் தேயிலை நிற்கும் இடம், வேலைத்தலம். வேலை முடிந்து திரும்புவதை மலை எறங்குறது என்போம். ஆகவே ‘மலை எறங்’ என்று தொடங்கும் செய்தி வந்தால் வேலை முடிந்தது என்று பதிய ஒரு விதி எழுதியிருந்தார். சரிவு ஏற்பட்டால் யார் மேலே இருக்கிறார்கள், யார் கீழே வந்துவிட்டார்கள் என்று தெரிய வேண்டும் என்பதற்காக அது. ஆனால் மேட்டு மண் நகரத் தொடங்கினாலும் எங்கள் ஆட்கள் ‘மலை எறங்குது’ என்றுதான் சொல்வார்கள். அதற்கு ரம்லா தனியாக ஓர் ஆபத்து விதி எழுதி, அதை மற்றதற்கு மேலே வைத்து, பக்கத்தில் ‘இது இதுக்கு மேலேயே இருக்கணும்’ என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தார். கோப்பு பார்க்க அலங்கோலமாகத்தான் இருந்தது. ஒரு வரி உள்ளே தள்ளியும் ஒரு வரி வெளியே நீட்டியும் இருக்கும். அவர் கலியாணம் முடித்து அக்குறணைக்குப் போன பிறகு அது என் பொறுப்பில் வந்தது.

செப்டம்பர் மாதம் 30ஆம் திகதி எங்கள் மேலாளர் வினோஜன், எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி, எவர் திறந்தாலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றார். அதன் பிறகு நான் இலக்கணக் கோப்பைத் திறந்து வரிகளை ஒரே அளவில் தள்ளி வைத்தேன். அதன் பிறகு விதிகளை அகர வரிசையில் அடுக்கினேன். அதன் பிறகு ஆங்காங்கே கிடந்த குறிப்புகளை எல்லாம் எடுத்துக் கோப்பின் தலைப்பில் ஒன்றாக வைத்தேன். ‘இது இதுக்கு மேலேயே இருக்கணும்’ என்ற குறிப்பும் அங்கே போய் நின்றது. எது எதற்கு மேலே என்று அதற்குப் பிறகு எவருக்கும் தெரியாது. அகர வரிசையில் சின்னது முன்னால் வரும். ஆகவே ‘மலை எறங்’ நாற்பதாம் வரிக்கும் ‘மலை எறங்குது’ நாற்பத்தொன்றாம் வரிக்கும் வந்தன. முன்பே வைத்திருந்த முப்பது மாதிரிச் செய்திகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியாக வந்தது. அவற்றில் ஆபத்துக்கு ‘மண் சரியுது’ என்று மட்டுமே இருந்தது.

நான் லயத்தில் பிறந்தவள். என் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். மலை எறங்குது என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அன்று அந்தக் கோப்பின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லைப் பார்க்கவில்லை. வினோஜன் மற்றவர்களைக் கூப்பிட்டு, “இப்பதான்யா கோப்பு கோப்பு மாதிரி இருக்கு” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை நினைத்தால் இப்போது என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ஒக்டோபர் மாதம் 14ஆம் திகதி முற்பகல் 11.40க்கு வீரய்யா லயத்துக்கு மேலே இருக்கும் மேட்டு மலையிலிருந்து ‘மேட்டு மலை எறங்குது’ என்று செய்தி அனுப்பினார். கணினி இடப்பெயரைத் தனியாக எடுத்துக்கொண்டு, நாற்பதாம் வரியில் பொருந்தி அங்கேயே நின்றது. அவருக்கு ‘நன்றி. வேலை முடிந்தது எனப் பதியப்பட்டது’ என்று பதில் போனது. சங்கு ஊதவில்லை. அவர் பதிலை வாசிக்கவில்லை. தன்னோடு நின்ற பெண்களை மறுபக்கத்துப் பாறைக்குக் கூட்டிப் போய் நிறுத்தினார். 12.15க்கு மண் லயத்தின் மேல் விழுந்தது. பிள்ளைகள் பாடசாலையில் இருந்தார்கள். காய்ச்சலால் அன்று வேலைக்குப் போகாத ஒரு பெண் மட்டும் உள்ளே இருந்தார். அவர் பெயர் நாகலெட்சுமி, வயது 49. வீரய்யாவின் மனைவி.

அதன் பிறகு அன்று மாலை நான் பதிவுகளைப் பார்த்து நடந்ததை அறிந்தேன். உடனே நாற்பத்தொன்றாம் வரியை நாற்பதுக்கு மேலே ஏற்றினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு வினோஜனிடம் சொன்னேன். “சரி பண்ணியாச்சுல்ல பிரியந்தி, இனி வாய மூடிக்கிட்டு இருங்க. கம்பனி பேரு போயிரும்” என்றார். மறுநாள் நிறுவனத்திலிருந்து பொலிசுக்குக் கொடுத்த அறிக்கையில், 11.40க்குக் கங்காணியிடமிருந்து வேலை முடிந்த செய்தி வந்தது என்று மட்டும் எழுதப்பட்டது. அவர் அனுப்பிய சொற்கள் அதில் இல்லை. அவருடைய தொலைபேசியும் அன்றைய ஓட்டத்தில் மண்ணுக்குள் போய்விட்டது.

நேற்று 17ஆம் திகதி நான் மரண வீட்டுக்குப் போனேன். நான் எந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன் என்பது வீரய்யாவுக்குத் தெரியும். அவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து, “புள்ள, நான் சரியாத்தானே அனுப்புனேன்? சங்கு ஏன் புள்ள ஊதல?” என்று கேட்டார். அவர் மறுபடியும் கேட்டார். பக்கத்தில் நின்ற ஒருவர், “பொய்ச் சேதி அனுப்பிப்புட்டு பொண்டாட்டியவே கொன்னுட்டு நிக்கிறாரு” என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் பொலிஸ் வாகனம் வந்து அவரை ஏற்றிப் போனது. மண் விழுந்த நாளிலிருந்து அவர் சாப்பிடவில்லை என்று இன்று காலை இந்நிலைய வாசலில் நின்ற அவருடைய மகள் சொன்னார். எனக்கும் சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லவும் எனக்கு அருகதை இல்லை.

கணினியில் தனியாகச் சேமிக்கப்பட்டிருந்த அவருடைய செய்தியின் அச்சுப் பிரதியையும், நான் திருத்துவதற்கு முன்பும் பின்பும் இருந்த இலக்கணக் கோப்பின் பிரதிகளையும் கொண்டு வந்திருக்கிறேன். அவற்றை ஒப்படைக்கிறேன்.

இதுவரை சொன்னது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வீரய்யாவின் செய்தி வரும் இடத்தில் ‘மேட்டு மலையிலிருந்து இறங்குகிறோம்’ என்று எழுதப்பட்டிருந்தது. அது அவர் எழுதியது அல்ல என்றேன். கொன்ஸ்டபிள் அஸ்லம் கிழக்கில் கல்முனையைச் சேர்ந்தவர், தோட்டத்துப் பேச்சு பழகாதவர். “மலை எப்படித் தங்கச்சி இறங்கும்? ஆக்கள்தானே இறங்குவாங்க? வாசிக்கிறவங்களுக்கு விளங்கட்டும் எண்டுதான் ஒழுங்காக்கினன்” என்றார். நான் மேசையில் இருந்த அச்சுப் பிரதியைக் காட்டி, மலைதான் இறங்கியது, ஆட்கள் இறங்கவில்லை என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

அதன் பிறகு அவர் எழுந்து அலுமாரியிலிருந்து வேறொரு கோவையை எடுத்தார். அது 17ஆம் திகதி அவர் கையால் எழுதிய வீரய்யாவின் வாக்குமூலம். அதில் இரண்டாம் பக்கத்தில் ‘மேட்டு மலையிலிருந்து இறங்குகிறோம் என்று செய்தி அனுப்பினேன்’ என்று இருந்தது. அதன் கீழே வீரய்யாவின் கையெழுத்தும் இருந்தது. இதை அவருக்கு வாசித்துக் காட்டினீர்களா என்று கேட்டேன். வாசித்ததாகவும், அந்த மனிதர் அழுதுகொண்டிருந்ததாகவும், எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டதாகவும் சொன்னார். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதும்படி கேட்டேன். அவர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு அந்தக் கோவையையும் அச்சுப் பிரதியையும் எடுத்துக்கொண்டு பொறுப்பதிகாரியின் அறைக்குப் போனார். திரும்பி வந்து அமர்ந்து இந்தப் பந்தியை எழுதினார். அப்போது நேரம் 12.35.

செய்தி வரும் இடத்தில் முன்பு எழுதப்பட்ட மூன்று சொற்கள் என் முன்னிலையில் வெட்டப்பட்டு, ‘மேட்டு மலை எறங்குது’ என்று அவர் அனுப்பியபடியே எழுதப்பட்டு, என் சுருக்கொப்பம் இடப்பட்டது. மேலே உள்ளவை எல்லாம் நான் சொன்னவை, நடந்தவை. என்னை எவரும் வற்புறுத்தவில்லை. இதில் பிழையாகத் தெரியும் சொற்கள் பிழையல்ல. இதற்குப் பின் இதைக் கையில் எடுப்பவர் எவராயினும் அவற்றைத் திருத்த வேண்டாம் என்று கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மா. பிரியந்தி