பெருசுக்கு பாட்டில் கிடையாது

ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். ஓசி டீயைக் குறை சொல்லக்கூடாதுதான். பூங்காவனம் கொடுத்த புகாரில் பொய் ஒன்றும் இல்லை, நிதானமாகவே சொல்கிறேன்.

பட்டாபிராமில் எங்கள் தெருவுக்குள் காலரா புகுந்ததும், நலச்சங்கச் செயலாளர் என்கிற முறையில் முதலில் ஓடியவன் நான். ஊரெல்லாம் குளுக்கோஸ் பாட்டிலுக்கு அடிதடி. நாயாய் அலைந்து ஒரு பெட்டி பிடித்து வந்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏற்றுவதற்குக் கம்பவுண்டர் லட்சுமணன். பாட்டில் கொஞ்சம், நோயாளிகள் நிறைய. ஒரு ரூல் வேண்டாமா? அறுபது தாண்டியவர்களுக்கு பாட்டில் கிடையாது, உப்புச் சர்க்கரைத் தண்ணீரே போதும் என்றேன். ஆண்டு அனுபவித்தவர்கள்தானே. தெருவே கைதட்டியது. வேம்புலியும் தட்டினான். தன்னைக் கிழவன் என்று எவன் நினைக்கிறான்?

வேம்புலியும் நானும் ஒரே நாளில் பிறந்தவர்கள். அவனைப் பிடித்தெடுத்த மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாளாம். அந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர, கையைத் தலைக்கு மேலே சுற்றி மறுபக்கக் காதைத் தொட வேண்டும். அவன் தொட்டுவிட்டான். என் கை குட்டை. எட்டுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. யாரைச் சேர்த்தாலும் வாத்தியார் போடுகிற வயது ஐந்துதான். ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்த வயதே கூட வந்தது. அதனால் அவன் ரிட்டையராகி வீட்டில் உட்கார்ந்துவிட்டான், நான் இன்னும் ஷிப்டுக்குப் போகிறேன். அவனைப் பெருசு என்று முதலில் கூப்பிட்டவனும் நான்தான். பதிலுக்கு அவன் குட்டைக்கை என்பான். தெருவே சிரிக்கும். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது.

போன செவ்வாய்க்கிழமை அவனுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. மத்தியானம் அவன் பெண்சாதி பூங்காவனம் ஓடிவந்தாள். கண் உள்ளே போய்விட்டது, கால் இழுக்கிறது, ஒரே ஒரு பாட்டில் கொடு என்றாள். ரூலைச் சொன்னேன்.

"இன்னா அண்ணாத்தே, உனுக்கும் அவுருக்கும் ஒரே வயசுதானே. உங்கம்மாவே சொல்லிக்கீது."

"அது அம்மா கணக்கு. சர்க்கார் கணக்குல அவன் பெருசும்மா," என்றேன்.

அவள் திரும்பி ஓடினாள். அவனை ஆட்டோவில் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி, நீளமான வண்டி. கேட் திறந்தபோது அவன் இல்லை.

மீதி இருந்த பாட்டிலைத்தானே கேட்கிறீர்கள்? ஒன்று இருந்தது. காலையிலிருந்து எனக்கும் வயிறு கடமுடா என்றது. முந்தின நாள் தின்ற பஜ்ஜி, சுக்குக் கஷாயம் போதும் என்றான் லட்சுமணன். முன்னெச்சரிக்கைக்கு ஏற்றிவிடு என்றேன். வேம்புலி கேட்டில் கிடந்த நேரத்தில் அந்தப் பாட்டில் என் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போகிறவன் உடம்பு, பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அவனைச் சாகவிட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் கஜபதி. வயது ஐம்பத்தொன்பது என்றே போடுங்கள், சார். லாக்கப்பில் கிழவர்களோடு சேர்த்து அடைத்துவிடாதீர்கள்.