முதல் மணி என்று எழுதிய புட்டி

மேடையில் அமர்ந்திருக்கும் பண்ணையாளர் சங்கத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, அக்காவை இழந்து வாடும் லூயெல்லா அம்மையார் அவர்களே, சேறு படிந்த காலணியோடு லாயங்களிலிருந்து ஓடி வந்திருக்கும் என் தோழர்களே, வணக்கம்.

இங்கே நின்று பேச இந்த லாயக்காரன் க்ளைடுக்குத் தகுதி உண்டா? இல்லை! அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம்மை விட்டு மறைந்த முனைவர் ஹெஸ்டர் பிரூவிட் அம்மையார் முப்பத்தோரு ஆண்டுகள் நம் கென்டக்கிப் பண்ணைகளில் குதிரைச் சீம்பாலின் தாதுக்களை அளந்தவர். கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், செம்பு. "பால்ல கல்லு தேடுற அம்மா வர்றாங்கடா" என்று சிரித்தோம். "உங்க மண்டையில மூளை தேடுறதுக்கு இது சுலபம்பா" என்று அவரும் சிரித்தார்.

அவர் கேட்டது என்ன? குட்டி விழுந்த முதல் மணிக்குள் கொஞ்சம் பால் கறந்து, கறந்த நேரத்தைப் புட்டியில் எழுத வேண்டும். சிறு புட்டி ஆய்வுக்கூடத்துக்கு. பெரிய புட்டி, தாயை இழந்த குட்டிகளுக்காகப் பாலை உறையவைத்துச் சேமிக்க அவர் வைத்திருந்த உறைபெட்டிக்கு. அதனால் பிழைத்த குட்டிகள் எத்தனை! எத்தனை!

பிழைக்காத ஒன்றும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்ச் மாதம். எங்கள் குதிரை ஜூனிபர் விடியலில் குட்டி போட்டது. நான் கறக்காமல் குதிரை ஏலம் பார்க்கப் போய்விட்டேன். மாலையில் வந்து, குட்டி நாளெல்லாம் குடித்த மடியைக் கறந்து, சிறு புட்டி, பெரிய புட்டி இரண்டிலும் 'முதல் மணி' என்று எழுதினேன். இரண்டு சொல்தானே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், ஆர்வில் ஹென்ஸ்லி அவர்களின் குதிரை குட்டி போட்டதும் செத்தது. அந்தக் குட்டிக்கு உறைபெட்டியிலிருந்த என் பெரிய புட்டியைத்தான் கொடுத்தார்கள். முதல் பால் தரும் நோய்க்காப்பு அதில் ஏது? ரத்தத்தில் கிருமி ஏறி, ஆறாம் நாள் குட்டியும் போய்விட்டது.

"அந்தம்மா குடுத்த பாலக் குடிச்சுத்தான்யா என் குட்டி செத்துச்சு" என்று ஆர்வில் ஊரெல்லாம் சொன்னார். பலர் உறைபெட்டிக்குப் பால் தருவதையே நிறுத்தினார்கள். அந்தப் பேச்சுக்கு நானும் தலையாட்டினேன். ஆம், தலையாட்டினேன்!

மறுவாரம் அம்மையார் ஆய்வுத் தாளோடு என் லாயத்துக்கு வந்தார்.

"க்ளைட், முதல் மணிப் பால்ல மக்னீசியம் உச்சத்துல நிக்கும். அரை நாள்ல பாதிக்கும் கீழ எறங்கிடும். இது எறங்கின பால்."

"மிஷின் கோளாறா இருக்கும், டாக்டரம்மா."

"மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா. நான் உன்னக் காட்டிக் குடுத்தா, இனிமே லேட்டாக் கறந்தவன் எவனும் பயந்துபோய் நிஜ நேரத்த எழுத மாட்டான். நீயே சொல்லிடு."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் காலிப் புட்டிகளைக் கொடுக்க வரும்போது என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். பிறகு அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். பழியைச் சுமந்துகொண்டே போனார், தோழர்களே! எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆர்வில் அவர்களே, மூன்றாம் வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் குட்டியைக் கொன்றது அவர் அல்ல. நான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நேற்று அவருடைய ஆய்வுக்கூடத்தைத் திறந்தோம். ஜூனிபரின் சிறு புட்டியை அவர் எறியவில்லை. நான் எழுதியதன் மேல் ஒரு கோடு போட்டு, கீழே இடம் விட்டு வைத்திருந்தார். வேறு யாருக்கு அந்த இடம்? இன்று காலை அதில் நான் எழுதினேன்: 'பன்னிரண்டாம் மணி. கறந்தவன் க்ளைட்.'